காகேத்தியின் மண்ணடித் தாழிகள்

திபிலிசியிலிருந்து காகேத்திக்குப் போக இரண்டு சாலைகள் உண்டு. சகரெஜோ, குர்ஜானி வழியாகச் சுற்றிப் போகும் நெடுஞ்சாலை பெரும்பாலும் சமதளம். லாரிகள் அதில்தான் போகும். இன்னொன்று கோம்போரி மலைத்தொடரை நேராக ஏறி இறங்கும் குறுக்குவழி. நெடுஞ்சாலையில் தெலாவி நகரம் 150 கிலோமீட்டர் என்றால், இதில் தூரம் நன்றாகக் குறையும். ஆனால் வளைவுகள் அதிகம். வயிறு பலவீனமானவர்கள் முன்னிருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. சுமார் 1,620 மீட்டர் உயரத்தில் கணவாயைத் தாண்டி, அடர்ந்த காட்டிலிருந்து சாலை இறங்கத் தொடங்கும்போது மரங்கள் விலகி, கீழே அலசானி ஆற்றின் சமவெளி முழுவதுமாகத் தெரியும். அதற்கு அந்தப் பக்கம், இடமிருந்து வலமாகக் கண்ணுக்கு எட்டிய மட்டும் பெரிய காக்கசஸ் மலை. அக்டோபரிலேயே அதன் உச்சிகளில் பனி விழுந்துவிடும். மலைக்கு மறுபுறம் ரஷ்யாவின் தாகெஸ்தான்.

ஜார்ஜியாவின் கிழக்கு மூலையில் உள்ள இந்த மாகாணத்தில்தான் நாட்டின் திராட்சைத் தோட்டங்களில் சுமார் 70 விழுக்காடு இருக்கின்றன. காரணம் அந்த மலைதான். வடக்கிலிருந்து வரும் கடுங்குளிரை அது தடுத்துவிடுகிறது. அதிலிருந்து இறங்கும் ஓடைகள் சரளையையும் வண்டலையும் கொண்டுவந்து கொட்டுகின்றன. க்வாரேலி ஊரை ஒட்டி ஓடும் துருஜி ஆறு மழைக்காலத்தில் கறுப்புப் பலகைக்கல் சேற்றை அள்ளிக்கொண்டு வந்து ஊரையே மிரட்டும். அதே கறுப்பு மண்ணில் விளையும் திராட்சையில்தான் 'கிந்த்ஸ்மராவுலி' என்ற புகழ்பெற்ற இனிப்புச் சிவப்பு ஒயின் உருவாகிறது. மலை கொடுப்பதை மலையே கெடுப்பதும் உண்டு. 2012 ஜூலையில் ஓர் இரவு அடித்த புயலும் ஆலங்கட்டி மழையும் தெலாவி வட்டாரத்தில் வீட்டுக் கூரைகளைப் பிய்த்து, காய் பிடித்திருந்த கொடிகளை மொட்டையாக்கின. இப்போது மேகம் கறுத்தால் அதற்குள் ராக்கெட் விட்டு ஆலங்கட்டியைக் கரைக்கும் ஏற்பாட்டை அரசு செய்திருக்கிறது. கோடை மாலைகளில் வெடிச்சத்தம் கேட்டால் வெளியூர்க்காரர்கள் பதறிப்போவார்கள். உள்ளூர்க்காரர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள்.

சாலையோரம் நெடுக ஒயின் ஆலைகளின் பெரிய பலகைகள் நிற்கும். கண்ணாடிச் சுவர், உணவகம், சுவைத்துப் பார்க்க வரிசையாகக் கோப்பைகள், வெளியே சுற்றுலாப் பேருந்துகள். இவற்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் காகேத்தியைப் பாதிதான் பார்த்ததாகும். மீதிப் பாதி தரைக்குக் கீழே இருக்கிறது.

இங்குள்ள கிராமத்து வீடுகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும். தெருவுக்கு இரும்புக் கதவு, முற்றத்தின் மேல் படர்ந்த திராட்சைப் பந்தல், மரத்தில் இழைத்த மாடித் தாழ்வாரம். பக்கவாட்டில் ஒரு கொட்டகை. அதன் பெயர் மரானி. உள்ளே போனால் முதலில் கண்ணுக்கு எதுவும் படாது. வெறுந்தரை, ஓரத்தில் மண்வெட்டி, சுவரில் மாட்டிய சுரைக்குடுவை அகப்பை. பிறகுதான் தரையில் அங்கங்கே வட்டமான கல் மூடிகள் தெரியும். ஒவ்வொரு மூடிக்கும் கீழே ஆள் உயரத்துக்கு, சில இடங்களில் அதற்கும் மேலாக, ஒரு சுடுமண் தாழி கழுத்துவரை புதைந்திருக்கிறது. ஜார்ஜியர்கள் அதை க்வெவ்ரி என்கிறார்கள். இருபது லிட்டர் பிடிக்கும் சின்னத் தாழியும் உண்டு, பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் அசுரத் தாழியும் உண்டு.

கடந்த இருநூறு ஆண்டுகளில் இந்தத் தாழியை ஒழித்துவிடலாம் என்று நினைத்தவர்கள் பலர். பிரபுக்கள் பீப்பாய்க்கு மாறினார்கள், சோவியத் ஆலைகள் இரும்புத் தொட்டிக்கு மாறின, ஏற்றுமதி வியாபாரிகளுக்கு அது பழைய பஞ்சாங்கமாகப் பட்டது. வீட்டுக் கொல்லைக் கொட்டகைகள் மட்டும் அதை விடவில்லை. காகேத்தி இன்று உலகுக்குக் காட்டிப் பெருமைப்படும் மரபு, பெரிய இடத்தார் யாரும் காப்பாற்றியதல்ல.

தாழி பிறக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். தெலாவிக்குப் பக்கத்திலேயே வர்திசுபானி என்ற கிராமம் இருக்கிறது. க்வெவ்ரி வனையும் குயவர்கள் நாட்டிலேயே சில குடும்பத்தார்தான். அவர்களில் சிலர் இங்கே இருக்கிறார்கள். இவ்வளவு பெரிய பாண்டத்தைச் சக்கரத்தில் வைத்துச் சுற்ற முடியாது. கூரான அடியிலிருந்து தொடங்கி, களிமண்ணைக் கைப்பருமனுக்குத் திரித்து வளையம் வளையமாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஒரு நாளைக்குச் சில அங்குலம்தான் ஏறும். கீழே உள்ளது இறுகினால்தான் மேலே வைப்பதைத் தாங்கும் என்பதால் அவசரப்பட வழியில்லை. வாரக்கணக்கில் வளர்ந்து, நிழலில் காய்ந்த பிறகு பல தாழிகளை ஒன்றாகச் சூளைக்குள் அடுக்கி, வாசலைச் செங்கல்லால் மூடி, ஒரு வாரம்போல இரவும் பகலும் விறகு போட்டுக்கொண்டே இருப்பார்கள். தீ ஒரே சீராக ஏறாவிட்டால் விரிசல் விழும், பல மாத உழைப்பு ஓட்டாஞ்சில்லாகும். வெந்து இறங்கிய தாழியின் சூடு முழுவதும் தணிவதற்கு முன் உட்புறம் தேன்மெழுகைத் தேய்ப்பார்கள். மெழுகு மண்ணின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். தாழி கசியாது, ஆனால் முற்றிலும் அடைபடவும் செய்யாது. வெளியே சுண்ணாம்புப் பூச்சு.

ஒருமுறை புதைத்தால் தாழி பல தலைமுறைக்கு நிற்கும். அதனால் மரானியை ஓர் அறை என்பதைவிடக் குடும்பச் சொத்து என்பதே சரி. வீட்டை இடித்துக் கட்டுவார்கள். தாழி இருந்த இடத்திலேயே இருக்கும்.

செய்முறை கேட்க எளிது, செய்ய அப்படியல்ல. செப்டம்பர் மாத முடிவில் குலைகளை வெட்டி, குடைந்த மரத்தொட்டியில் போட்டுக் காலால் மிதிப்பார்கள். சாறு தாழிக்குள் போகும். காகேத்தி முறையில் சாற்றோடு தோல், விதை, காம்பு எல்லாமே உள்ளே போகும். மேற்கு ஜார்ஜியாவின் இமெரெத்தியில் இவற்றில் கொஞ்சம்தான் சேர்ப்பார்கள். ஈஸ்ட் எதுவும் போடுவதில்லை. தோலின்மேல் இருப்பதே போதும், இரண்டொரு நாளில் தாழி பொங்கத் தொடங்கிவிடும். தோல்கள் மேலே மிதந்து தொப்பி போலக் கட்டிக்கொள்ளும். அதை நீண்ட கழியால் நாளைக்குப் பலமுறை உள்ளே அமுக்கிக் கலக்கிவிட வேண்டும். இரவில் எழுந்து போய்க் கலக்குபவர்களும் உண்டு. கொதிப்பு அடங்கியதும் எல்லாம் அடியில் படியும். பிறகு கல் மூடியைப் போட்டு, களிமண்ணால் பூசி, மேலே மண்ணைத் தள்ளிவிட்டு ஐந்தாறு மாதம் மறந்துவிட வேண்டியதுதான்.

தாழியின் முட்டை வடிவம் அழகுக்காக அமைந்ததல்ல. விதைகள் முதலில் கூரான அடிக்குள் இறங்கிவிடும். அவற்றின்மேல் வண்டலும் தோலும் படிந்து மூடிக்கொள்வதால் விதையின் கசப்பு ஒயினுக்குள் அதிகம் ஏறுவதில்லை. சுற்றிலும் உள்ள மண் கோடையிலும் குளிரிலும் ஏறக்குறைய ஒரே குளுமையில் வைத்திருக்கிறது. குளிர்சாதனக் கருவி தேவையில்லை. வசந்தத்தில் மூடியைத் திறந்தால் வெள்ளைத் திராட்சையிலிருந்து வந்த அந்த ஒயின் வெள்ளையாக இருக்காது. தேநீர் நிறத்திலோ, பழைய வெண்கல நிறத்திலோ இருக்கும். நாக்கில் கொஞ்சம் துவர்க்கும். ஐரோப்பிய வெள்ளை ஒயின் பழகியவர்களுக்கு முதல் வாய் இடறத்தான் செய்யும். மிஞ்சிய சக்கையையும் வீணாக்குவதில்லை. அதைக் காய்ச்சி வடித்தால் சாச்சா என்ற சாராயம் கிடைக்கும். அதைப் பற்றி எச்சரிப்பது நலம்: தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், தண்ணீர் போல நடந்துகொள்ளாது.

இதில் யாரும் பாடிப் புகழாத வேலை கழுவுவது. காலியான பெரிய தாழிக்குள் வாய் வழியாக ஓர் ஆள் இறங்கி, செர்ரி மரப்பட்டைகளை அடுக்கிச் செய்த துடைப்பத்தால் உட்சுவரைத் தேய்க்க வேண்டும். கழுவிய தண்ணீர் குடிக்கும் அளவுக்குத் தெளிவாக வந்தால்தான் விடுவார்கள். நல்ல ஒயினுக்கும் புளித்த காடிக்கும் இடையில் நிற்பது இந்தத் துடைப்பம்தான்.

2013-இல் யுனெஸ்கோ இந்த முறையை மனித குலத்தின் மரபுச் செல்வங்கள் பட்டியலில் சேர்த்தது. 2017-இல் இன்னொரு செய்தி வந்தது. திபிலிசிக்குத் தெற்கே கதாச்ரிலி கோரா, ஷுலாவெரிஸ் கோரா என்ற புதிய கற்கால மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளில், திராட்சை ஒயினின் அடையாளமான டார்டாரிக் அமிலத்தின் தடயம் இருப்பதைப் பேட்ரிக் மெக்கவர்ன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். காலம் கி.மு. 6000-க்கும் 5800-க்கும் இடையில். அதுவரை மிகப் பழைய சான்று ஈரானின் ஹாஜி ஃபிரூஸ் மேட்டிலிருந்து வந்தது. அதைவிட இது பல நூற்றாண்டு முந்தையது. அன்றிலிருந்து '8,000 அறுவடைகள்' என்ற வாசகத்தை விமான நிலையத்திலிருந்து ஒயின் புட்டிவரை எல்லாவற்றிலும் பார்க்கலாம். அந்த வாசகத்தை ஒட்டியதில் கொஞ்சம் தாராளம் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த மேடுகள் காகேத்தியில் இல்லை. தாழியை முழுக்கப் புதைக்கும் வழக்கமும் அந்தக் காலத்தது அல்ல, பிந்தையது. ஆனாலும் இந்த மண்ணில் பானைக்கும் திராட்சைக்கும் உள்ள உறவு மிகப் பழையது என்பதில் சந்தேகமில்லை. 500-க்கும் மேற்பட்ட உள்நாட்டுத் திராட்சை ரகங்களைப் பெயர் சொல்லிப் பதிவு செய்திருக்கிறது இந்தச் சிறிய நாடு.

தெலாவிக்கு வடமேற்கே இகல்தோ. 12-ஆம் நூற்றாண்டில் அரசன் தாவித் காலத்தில் கல்விக்கூடமாக விளங்கிய மடம் இது. இறையியலும் தத்துவமும் கற்பித்த அறிஞர் அர்சென் இகல்தோயெலியின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுவது. கவிஞர் ருஸ்தவேலி இங்கேதான் படித்தார் என்று சொல்வார்கள், சான்று கேட்டால் சிரிப்பார்கள். கூரையிழந்த வகுப்பறைச் சுவர்களுக்கு வெளியே பெரிய பெரிய பழந்தாழிகள் புல்தரையில் சாய்ந்து கிடக்கின்றன. படிப்பும் ஒயினும் ஒரே வளாகத்துக்குள் நடந்தன.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் அலாவெர்தி. சமவெளியின் நடுவில், சுற்றிலும் திராட்சை வரிசைகள் சூழ, 50 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் தேவாலயம். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றாம் க்விரிகே மன்னன் எழுப்பியது. 2004-இல் திபிலிசியில் சமேபா பேராலயம் வரும்வரை நாட்டிலேயே உயரமானது இதுதான். தூரத்திலிருந்து பார்க்கும்போது பெரிதாகத் தெரியாது. பின்னால் நிற்கும் மலை அளவைக் கெடுத்துவிடும். மதிலுக்குள் நுழைந்தால்தான் கழுத்து வலிக்கும். இங்குள்ள துறவிகள் ஆயிரம் ஆண்டுப் பழைய மரானியை 2006-இல் மீட்டெடுத்து மறுபடி ஒயின் செய்யத் தொடங்கினார்கள். அவர்கள் தோட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உள்நாட்டு ரகங்களை அழியாமல் வளர்த்து வருகிறார்கள். புட்டியில் '1011' என்று ஆண்டைப் பொறித்திருக்கிறார்கள். விளம்பரத்துக்கு இதைவிட நல்ல எண் எந்த நிறுவனத்துக்குக் கிடைக்கும்?

இங்கே பழையவை எல்லாம் ஒருமுறையாவது எரிந்தவை. அலாவெர்திக்குக் கிழக்கே கிரெமி என்ற சிற்றூரில் குன்றின்மேல் 1565-இல் லெவான் மன்னன் கட்டிய தேவாலயம் நிற்கிறது. அதன் அடியில் பரந்திருந்த தலைநகரம் இன்று புல் மூடிய அடித்தளங்கள்தான். பாரசீகத்தின் ஷா அப்பாஸ் 1614 முதல் 1617 வரை காகேத்திமீது தொடர்ந்து படையெடுத்தபோது நகரம் அழிந்தது. மக்களில் பெருந்தொகையினர் கொல்லப்பட்டார்கள். அதைவிடப் பெருந்தொகையினர் ஈரானுக்கு விரட்டிச் செல்லப்பட்டார்கள். இஸ்ஃபஹானுக்கு மேற்கே ஃபெரெய்துன்ஷஹர் பகுதியில் அவர்களுடைய வழிவந்தோர் இன்றும் ஜார்ஜிய மொழி பேசுகிறார்கள். அந்தப் படையெடுப்புகளில் திராட்சைக் கொடிகளும் வெட்டப்பட்டன. திராட்சை பலன் தரச் சில ஆண்டுகள் பிடிக்கும், அதை வெட்டுவது வரும் ஆண்டுகளையும் சேர்த்து வெட்டுவது என்பது படைத்தலைவர்களுக்குத் தெரிந்திருந்தது. போருக்குப் போகும் காகேத்தி வீரன் மார்புக் கவசத்துக்குள் ஒரு கொடித் துண்டைச் செருகிக்கொள்வான், விழுந்தால் அந்த இடத்தில் கொடி முளைக்கும் என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் எந்த ஊரில் பிறந்த கதை என்பது அதைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

சினந்தாலி மாளிகையின் வரலாற்றில் நாவலுக்குரிய திருப்பங்கள் இருக்கின்றன. கவிஞரும் படைத்தளபதியுமான இளவரசர் அலெக்ஸாண்டர் சவ்சவாட்ஸேயின் (1786–1846) வீடு இது. ரஷ்யப் பேரரசி காத்தரீனின் ஞானப்பிள்ளை அவர். ஆங்கிலத் தோட்டம், பியானோ, நூலகம் என்று ஐரோப்பாவைக் காகேத்திக்குக் கொண்டுவந்தவர், ஒயினையும் ஐரோப்பிய முறையில் செய்து புட்டியில் அடைத்தார். ஜார்ஜியாவில் அது முதல் முயற்சி. மாளிகையின் நிலவறையில் 1841-ஆம் ஆண்டின் சபெராவி என்ற சிவப்பு ஒயின் இன்னும் இருக்கிறது. அவருடைய மகள் நினோ, ரஷ்ய நாடகாசிரியர் கிரிபோயெதொவை 1828-இல் மணந்தார். தூதராகத் தெஹ்ரான் சென்ற கணவர் அடுத்த ஆண்டே அங்கே கலகக் கூட்டத்தால் கொல்லப்பட்டார். அப்போது நினோவுக்குப் பதினாறு வயது. கடைசிவரை மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1854 கோடையில் மலைக்கு அப்பாலிருந்து, ரஷ்யாவை எதிர்த்த தாகெஸ்தான் தலைவர் இமாம் ஷமீலின் குதிரை வீரர்கள் இறங்கி வந்து மாளிகையைச் சூறையாடினார்கள். இளவரசரின் மருமகள் அன்னாவையும், அவருடைய சகோதரி வர்வாரா ஓர்பெலியானியையும், குழந்தைகளோடும் பிரெஞ்சு ஆசிரியையோடும் தாகெஸ்தானுக்குக் கடத்திக்கொண்டு போனார்கள். எட்டு மாதம் பேரம் நடந்தது. கடைசியில், சிறுவயதிலேயே பிணையாகப் பிடிக்கப்பட்டு ரஷ்ய அதிகாரியாகவே வளர்ந்துவிட்ட ஷமீலின் மகன் ஜமாலுத்தீனையும் 40,000 வெள்ளி ரூபிளையும் கொடுத்து மீட்டார்கள். கடனில் மூழ்கிய மாளிகையும் தோட்டமும் பின்னாளில் ரஷ்ய அரச குடும்பத்தின் கைக்குப் போயின. இன்று அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது, இசை விழாவும் நடக்கிறது.

அலெக்ஸாண்டர் பீப்பாயின் பக்கம் நின்றார் என்றால், அதே சவ்சவாட்ஸே குலத்தின் இன்னொரு கிளையில், க்வாரேலியில் 1837-இல் பிறந்த இலியா தாழியின் பக்கம் நின்றார். நவீன ஜார்ஜிய தேசியத்தின் தந்தை என்று போற்றப்படும் எழுத்தாளர் அவர். ஐரோப்பிய முறையே அறிவியல், நம்முடையது நாட்டுப்புறத்துக் கோளாறு என்று படித்தவர்கள் பேசத் தொடங்கியபோது, 1887-இல் தம் 'இவேரியா' இதழில் ஜார்ஜிய முறையில் ஒயின் செய்வதைப் பற்றி ஒரு கட்டுரைத் தொடரே எழுதினார். கலப்படமில்லாமல், திராட்சை தரும் பொருளை மட்டும் வைத்துச் செய்வதை எதற்கு மாற்ற வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். இன்றைய இயற்கை ஒயின் பிரியர்கள் பேசுவதைக் கேட்டால் இலியாவின் வரிகளைத் தூசிதட்டி எடுத்ததுபோல இருக்கும்.

அந்த வாதத்தில் அவர் உடனே வென்றுவிடவில்லை. 20-ஆம் நூற்றாண்டு முழுவதும் தோற்றார் என்றே சொல்லலாம்.

சோவியத் ஆட்சியில் தோட்டங்கள் கூட்டுப்பண்ணைகளாயின. மாஸ்கோவுக்கும் லெனின்கிராடுக்கும் ரயில் ரயிலாக ஒயின் போக வேண்டும், அளவுதான் பேச்சு. அதிகம் காய்த்து, நோயைத் தாங்கும் ரகாட்சிதேலி வெள்ளைத் திராட்சையும் சபெராவி சிவப்புத் திராட்சையும் சமவெளியை நிரப்பின. (சபெராவியின் சதையே சிவப்பு, பிழிந்தால் கை சாயம் ஏறி நாள்கணக்கில் போகாது.) கிசி, ஹிக்வி போன்ற நுணுக்கமான ரகங்கள் மறைந்துபோகும் நிலைக்கு வந்தன. அந்தக் காலத்தின் மனநிலையை அறிய ஒத்தார் இயோசெலியானியின் 1966-ஆம் ஆண்டுப் படம் 'உதிரும் இலைகள்' போதும். ஒயின் ஆலையில் வேலைக்குச் சேரும் இளைஞன், பக்குவப்படாத ஒயினை இலக்கை எட்டுவதற்காகப் புட்டியில் அடைக்க மறுக்கிறான். அவ்வளவுதான் கதை. படம் தொடங்குவதோ ஆலையில் அல்ல. கிராமத்தில் அறுவடையும் தாழியுமாக விரியும் ஆவணக் காட்சிகளில். எது அசல், எது நகல் என்று இயக்குநர் வசனமில்லாமலே சொல்லிவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து கான் விழாவில் விமர்சகர்கள் விருது கொடுத்தார்கள்.

ஆலை அப்படி இருந்த காலத்தில் ஆலைத் தொழிலாளி வீட்டுக்குப் போய் என்ன குடித்தான்? தன் கொல்லையில் விளைந்ததை, தன் தாழியில் ஊறியதை. கூட்டுப்பண்ணை உறுப்பினருக்கு வீட்டை ஒட்டிக் கொஞ்சம் நிலம் அனுமதிக்கப்பட்டிருந்தது. அந்தத் துண்டு நிலத்தில்தான் அப்பனுக்குப் பின் மகன், தாழி கழுவும் பக்குவத்தையும் கலக்கும் நேரத்தையும் கற்றுக்கொண்டான். 1985-இல் கோர்பச்சேவ் மதுவுக்கு எதிராக இயக்கம் தொடங்கியபோது பண்ணைத் தோட்டங்கள் பிடுங்கப்பட்டன. வீட்டு மரானியின் மூடிமேல் மண்ணைத் தள்ளிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது.

அடுத்த அடி 2006 மார்ச்சில் விழுந்தது. பூச்சிமருந்து எச்சம், கலப்படம் என்று காரணம் சொல்லி ரஷ்யா ஜார்ஜிய ஒயினைத் தடை செய்தது. இரு நாட்டு அரசியல் பகையே உண்மைக் காரணம் என்பது எல்லாருக்கும் தெரியும். போலிப் புட்டிகள் அந்நாளில் சந்தையில் ஏராளம் என்பதும் உண்மை. ஏற்றுமதியின் பெரும்பகுதி ஒரே நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததால் ஆலைகள் ஒரே இரவில் முடங்கின, வாங்க ஆளில்லாமல் திராட்சை விலை சரிந்தது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புது வாடிக்கையாளர் தேட வேண்டிய கட்டாயம் வந்தது. அங்கெல்லாம் ஏற்கெனவே மலைமலையாகக் குவிந்திருக்கும் ஒயினுக்கு நடுவில் இன்னொரு சாதாரணச் சிவப்பு ஒயினுக்கு யார் காத்திருக்கிறார்கள்? அவர்கள் நின்று கேட்டது மண்ணுக்கடியில் ஆறு மாதம் கிடந்த அந்தத் தேநீர் நிற ஒயினைத்தான். 2007-இல் அமெரிக்க ஓவியர் ஜான் வர்ட்மன் உள்ளூர் விவசாயி ஒருவரோடு சேர்ந்து சிக்நாகியில் தொடங்கிய தாழி ஒயின் நிறுவனம் நியூயார்க் உணவகங்கள் வரை போனது. வீட்டுக்காக மட்டும் செய்துகொண்டிருந்தவர்கள் ஆயிரம் இரண்டாயிரம் புட்டி அடைத்து, சீட்டு ஒட்டி விற்கத் தொடங்கினார்கள். அப்போது நாட்டில் சில பத்தாக இருந்த ஒயின் நிறுவனங்கள் இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

கதை அங்கே சுபமாக முடிந்துவிடவில்லை. 2013-இல் தடை நீங்கியதும் ரஷ்யச் சந்தை திரும்பி வந்தது. இன்று ஜார்ஜிய ஒயின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் மறுபடியும் அங்கேதான் போகிறது. 2006-ஐ மறக்காதவர்களுக்கு அது வயிற்றைக் கலக்குகிறது. மொத்த உற்பத்தியில் தாழி ஒயினின் பங்கு இன்னமும் சிறிதுதான். பெயர் வாங்கித் தருவது தாழி, பணம் கொண்டுவருவது இரும்புத் தொட்டி. க்வாரேலியில் சோவியத் காலத்தில் பாறையைக் குடைந்து அமைத்த 7.7 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் புட்டிகளின் வரிசையைப் பார்த்தால் அந்தக் கணக்கு புரிந்துவிடும்.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலையைப் பிடித்தால் குர்ஜானி வரும். அங்கே போர் நினைவிடத்தில் நிற்கும் சிலை தளபதி யாருடையதும் அல்ல, ஒரு கிழ விவசாயியுடையது. ரெஸோ ச்கெய்ட்ஸே 1964-இல் எடுத்த 'சிப்பாயின் தந்தை' படத்தில் வரும் பாத்திரம். காயம்பட்ட மகனைத் தேடிப் போர்முனைக்குப் போகும் காகேத்தி முதியவர், ஜெர்மனி வரை படையோடு நடக்கிறார். ஓரிடத்தில் தம் பக்கத்து டாங்கி ஒரு திராட்சைத் தோட்டத்தை நசுக்கிக்கொண்டு போவதைப் பார்த்து அதன் முன்னால் போய் நின்றுவிடுகிறார். எதிரி நாட்டுத் தோட்டமாயிற்றே என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. செர்கோ ஸக்கரியாட்ஸே நடித்த அந்தக் காட்சியை இங்கே சிறுவர்களும் நடித்துக் காட்டுவார்கள்.

சிக்நாகி மலைமுகட்டில் இருக்கிறது. இரண்டாம் எரெக்லே மன்னன் 18-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மதில் சுமார் நாலரை கிலோமீட்டர் நீளம், 23 கோபுரங்கள். மலையிலிருந்து கொள்ளையர் இறங்கினால் சுற்றுக் கிராமத்தார் ஓடிவந்து ஒதுங்குவதற்காக. இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும் திருமணப் பதிவகம் இப்போதைய கவர்ச்சி. ஊர் அழகாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, கொஞ்சம் அதிகமாகவே. பக்கத்தில் போத்பே மடம். ஜார்ஜியாவுக்கு 4-ஆம் நூற்றாண்டில் கிறித்தவத்தைக் கொண்டுவந்த புனித நினோவின் கல்லறை இங்கேதான். திராட்சைக் கொடித் தண்டு இரண்டை எடுத்துத் தம் கூந்தலால் கட்டி அவர் சிலுவை செய்தார் என்பது மரபு. அதனால்தான் ஜார்ஜியச் சிலுவையின் கைகள் சற்றுத் தொங்கினாற்போல இருக்கும்.

தென்கிழக்கே மிர்ஸானி கிராமத்தில் 1862-இல் பிறந்தவர் நிகோ பிரோஸ்மானி. திபிலிசி மதுக்கடைகளுக்குப் பெயர்ப்பலகையும் சுவர்ப்படமும் வரைந்து, கூலியாகச் சாப்பாடும் ஒயினும் வாங்கிக்கொண்டவர். கறுப்பு எண்ணெய்த்துணிமேல் அவர் வரைந்த விருந்துகளில் எல்லாரும் கோப்பையைப் பிடித்தபடி நேராக நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 1918-இல் வறுமையில் இறந்தார். கல்லறை எங்கே என்பது யாருக்கும் தெரியாது. பின்னாளில் ஒரு லாரி (ஜார்ஜிய நாணயம்) நோட்டில் அவர் படத்தை அச்சடித்தார்கள்.

எப்போது போகலாம் என்று கேட்டால் காகேத்திக்காரர்கள் தயங்காமல் ருத்வேலிக்கு வா என்பார்கள். செப்டம்பர் பிற்பாதியிலிருந்து அக்டோபர் நடுவரை நடக்கும் திராட்சை அறுவடை. திபிலிசியில் வங்கியில் வேலை பார்ப்பவரும் பல்கலைக்கழக மாணவரும் அந்த வாரம் கத்தரிக்கோலோடு சொந்த ஊர்த் தோட்டத்தில் நிற்பார்கள். முற்றத்தில் அண்டாவில் திராட்சைச் சாற்றை மாவோடு சேர்த்துக் கெட்டியாகக் கிண்டி, நூலில் கோத்த வால்நட் பருப்பை அதில் முக்கி முக்கிக் காயப்போடுவார்கள். சுர்ச்கேலா என்ற இந்தத் தின்பண்டம் மாதக்கணக்கில் கெடாது. கவாத்து செய்த திராட்சைக் குச்சிகளை எரித்து, அந்தத் தணலில் பன்றி இறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுடுவார்கள். வேறு விறகில் சுட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

விருந்தாளி வேலை செய்யாமல் தப்பிக்கலாம்; மாலை விருந்திலிருந்து தப்பிக்க முடியாது. சுப்ரா எனப்படும் அந்த விருந்துக்கு தமதா என்று ஒரு தலைவர் உண்டு. அவர் பேசி முடிக்காமல் யாரும் கோப்பையை வாயில் வைக்கக் கூடாது. அமைதிக்கு, நாட்டுக்கு, இறந்தவர்களுக்கு, குழந்தைகளுக்கு, வந்த விருந்தினருக்கு என்று வரிசையாக வாழ்த்துகள் போகும். நல்ல தமதா என்றால் ஒவ்வொன்றும் ஒரு சிறு சொற்பொழிவு. இடையில் மூன்று குரல் பின்னிய மேசைப்பாட்டு எழும். அப்படிப்பட்ட காகேத்திப் பாடல்களில் ஒன்றான 'சக்ருலோ'வை 1977-இல் வாயேஜர் விண்கலத்தின் தங்கத் தட்டில் பதிந்து விண்வெளிக்கு அனுப்பியிருக்கிறார்கள். தமதா திடீரென்று ஒருவர் பக்கம் திரும்பி "அலாவெர்தி" என்றால், அதே வாழ்த்தை அவர் எடுத்துத் தொடர வேண்டும் என்று பொருள். வெளிநாட்டவருக்கும் விலக்கு இல்லை. எந்த மொழியில் பேசினாலும் கேட்டுக்கொள்வார்கள், ஆனால் இரண்டு வாக்கியத்தில் முடித்தால் முகம் வாடும். பழைய ஆட்கள் இருக்கும் பந்தியில் பீர் கோப்பையைத் தூக்கி வாழ்த்துவதையும் தவிர்க்க வேண்டும். பீரில் வாழ்த்துவது பகையாளிக்கு என்பது அங்குள்ள பழக்கம்.

ருத்வேலியைத் தவறவிட்டவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் போகலாம். அப்போதுதான் முந்தைய ஆண்டின் தாழிகளைத் திறப்பார்கள். மண்ணை விலக்கி, களிமண் பூச்சை உடைத்து, கல்லைத் தூக்கியதும் வீட்டுக்காரர் சுரைக்குடுவையை உள்ளே விட்டு மொண்டு முதலில் தானே குடித்துப் பார்ப்பார். விருந்தாளியின் கோப்பை அதற்குப் பிறகுதான் நிறையும்.